35 டாலர் கணக்கு

ராஸ்பெரி பை பற்றி நெட்டில் தேடினால் எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை ஜிபி என்று பக்கம் பக்கமாக வரும். அதையெல்லாம் எழுத இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டும் எனக்கு அதில் பிடித்த சங்கதி ஒன்றே ஒன்றுதான். அதன் விலை.

கதை 1981-ல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர பிபிசி ஒரு திட்டம் போட்டது. அதற்கான மெஷினைச் செய்து கொடுத்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஆக்கார்ன் என்ற சின்ன கம்பெனி. பெயர் பிபிசி மைக்ரோ. ஆரம்ப விலை மாடல் ஏ 235 பவுண்டு, மாடல் பி 335 பவுண்டு. சுவிட்சைப் போட்டதும் பேசிக் மொழி தயாராக வந்து நிற்கும். நீங்கள் ஏதாவது கட்டளை கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பள்ளிகள் வாங்கினால் பாதிப் பணத்தை அரசே கொடுத்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதில்தான் புரோகிராம் எழுதப் பழகினார்கள்.

அந்த மெஷின் நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளில் சோதனை முறையில் கம்ப்யூட்டர் கல்வியை ஆரம்பித்தபோது பயன்படுத்தியது பிபிசி மைக்ரோவைத்தான்.

தொண்ணூறுகளில் நான் படித்த பள்ளியிலும் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். சார் கீபோர்டைத் தட்டுவார், நாற்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்ப்போம். பீரியட் முடிந்ததும் உறை போட்டு மூடிப் பூட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள், கெட்டுப் போனால் யார் தலையில் விழும்? ஒரு மெஷினைப் பிள்ளைகள் தொடலாமா கூடாதா என்பதைப் பல இடங்களில் அதன் விலைதான் தீர்மானிக்கிறது.

இதே பிரச்சினை வேறு ரூபத்தில் இங்கிலாந்திலும் வந்தது. 2000-களின் நடுவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைகிறார்கள், வருகிறவர்களுக்கும் முன்பு போல புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் கவனித்தார்கள். வீட்டில் இருந்தது குடும்பத்துக்கே பொதுவான பிசி. பையன் அதில் எதையாவது நோண்டிக் கெடுத்தால் அப்பா சும்மா விடுவாரா?

எபென் அப்டன் என்பவர் 2006-ல் மாதிரிப் பலகைகள் செய்து பார்த்தார். 2009-ல் அவரும் நண்பர்களும் ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1,700 ரூபாய். ஏடிஎம் கார்டு அளவுப் பலகை, 700 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி மெமரி. மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள் பிபிசி மைக்ரோவின் ஞாபகார்த்தம். சிப்புக்குள் இருந்த ஆர்ம் பிராசசரின் பூர்வீகமும் அதே ஆக்கார்ன்தான், 1985.

இவ்வளவு மலிவு எப்படி? பெட்டி கிடையாது, கீபோர்டு கிடையாது, ஹார்ட் டிஸ்க் கிடையாது. வீட்டு டிவிதான் திரை, எஸ்டி கார்டுதான் டிஸ்க். லினக்ஸ் இலவசம். எனக்குப் பிடித்தது நிதி ஏற்பாடு. கைக்காசைப் போட்டு 10,000 பலகை செய்வதாகத்தான் முதலில் யோசனை. பிறகு உற்பத்தி உரிமையை இரண்டு பெரிய விநியோகஸ்தர்களிடம் கொடுத்து, ராயல்டி மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நடைமுறை மூலதனம் அடுத்தவருடையது. எங்கள் கடன் பிரிவில் உட்கார வேண்டிய ஆட்கள் :-)

சின்னப் பலகைதான், ஆனால் முழுக் கம்ப்யூட்டர். பைத்தான் எழுதலாம். ஓரத்தில் உள்ள ஊசிகளில் விளக்கு, மோட்டார், சென்சார் என்று இணைக்கலாம். (2014 முதல் 40 ஊசிகள்.) சாஃப்ட்வேரைச் சொதப்பினால் எஸ்டி கார்டை மறுபடி எழுதினால் போதும், புது மெஷின். 2015 டிசம்பரில் மாணவர்கள் எழுதிய புரோகிராம்களோடு இரண்டு பலகைகள் விண்வெளி நிலையத்துக்கே போயின.

பிறகு தொழிற்சாலைகள் இதைக் கண்டுகொண்டன. 2023-ல் விற்றவற்றில் 72 சதவீதம் தொழில் துறைக்குப் போனது. 2021-22 சிப் தட்டுப்பாட்டின்போது கையிலிருந்த சரக்கைத் தொழில் நிறுவனங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அந்த ஊழியர்களின் பிழைப்பு இதில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் யாருக்காகச் செய்தார்களோ அந்தப் பிள்ளைகள் வரிசையில் பின்னால் நின்றார்கள். 2024 ஜூனில் விற்பனைக் கம்பெனி லண்டன் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. அறக்கட்டளை அதில் பெரிய பங்குதாரராகத் தொடர்ந்தது. லாபம் வந்தால்தான் கல்விப் பணிக்குப் பணம் வரும், அதனால் இதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமட்ட விலை நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

2025 டிசம்பரில் மெமரி விலை ஏறியபோது பெரிய மாடல்களின் விலை உயர்ந்தது. 1 ஜிபி உள்ள பை 4-ஐ 35 டாலரிலேயே விட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள், டாலரில். ரூபாயில் கணக்குப் போடுங்கள். 1,700 எங்கே, 3,100 எங்கே? வரியும் கடைக்காரர் லாபமும் தனி. அவர்கள் ஒரு சென்ட் கூட ஏற்றாமலே நம் ஊர்ப் பையனுக்கு விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நான் இருக்கும் நாக்பூரிலும் சரி, நம் ஊர்ப் பக்கமும் சரி, பள்ளி நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பத்துப் பலகை வாங்கினால் அவற்றை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிப் பூட்டி வைக்காதீர்கள். சாக்பீஸ் மாதிரி செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். வருஷத்துக்கு இரண்டு கெட்டுப் போகட்டும். கெடுத்துப் பார்ப்பதற்காகத்தானே அதை அந்த விலைக்குச் செய்தார்கள்!