இரண்டு நிமிட மௌனம் கெடாவுக்கு வந்த வழி

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கடவுள் வாழ்த்தும் தமிழ் வாழ்த்தும் முடிந்ததும், அந்த ஆண்டில் காலமான உறுப்பினர்களின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பார். எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நிற்பார்கள். மௌன அஞ்சலி. தொன்றுதொட்டு வருவதுபோலத் தோன்றும் இந்த வழக்கத்துக்கு வயது நூறைச் சற்றே தாண்டியிருக்கிறது.

நம் முன்னோர் சாவைச் சத்தமில்லாமல் வழியனுப்பியவர்கள் அல்லர். பறையும் சங்கும் சேகண்டியும் ஒப்பாரியும் கப்பலேறித் தோட்டத்து லயங்களுக்கும் வந்தன. மௌனமும் நம்மிடம் இருந்தது. ஆனால் அது ஞானத்துக்கு உரியது, கல்லால மரத்தடியில் பேசாமல் உபதேசிக்கும் தட்சிணாமூர்த்திக்கு உரியது. மலாயாவில் ரப்பர்த் தோட்டம் நடத்திய துரைமாரில் பலருக்குச் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் கதை வேறல்ல. அங்கேயும் பெண்கள் பாடிய ஒப்பாரி உண்டு. 'கொரொனாக்' என்பது அதன் பெயர். இன்றும் ஸ்காட்லாந்தின் குலச் சங்கங்கள் கூடும்போது, மறைந்த உறுப்பினர்களுக்காகப் பைக்குழலில் 'ஃபிளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்ற மெட்டை ஊதுகிறார்கள். 1513-இல் ஃபிளாடன் போரில் மன்னரோடு மாண்டவர்களுக்கான புலம்பல் அது. சாவுக்கு அடிக்கும் அடியை நம் பறைக் கலைஞர்கள் கல்யாண வீட்டில் அடிக்காததைப் போல, இரங்கல் நிகழ்ச்சி தவிர வேறெங்கும் அந்த மெட்டை ஊதப் பைக்குழல்காரர்கள் தயங்குவார்கள்.

அப்படியானால் மௌனம் எங்கிருந்து வந்தது? பதிவில் உள்ள பழைய சான்றுகளில் ஒன்று போர்ச்சுகலில் இருக்கிறது. பிரேசிலின் வெளியுறவு அமைச்சர் ரியோ பிராங்கோ பிரபு 1912 பிப்ரவரியில் இறந்தபோது, போர்ச்சுகல் செனட் பத்து நிமிடம் பேசாமல் இருந்தது. அது ஒரு மன்றத்தின் மரியாதையோடு நின்றுவிட்டது.

தெருவுக்கு அதைக் கொண்டுவந்தது கேப்டவுன். அங்கே கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக நண்பகலில் ஒரு பீரங்கி வெடிக்கும். முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1918-இல், அந்த வெடியையே அடையாளமாகக் கொண்டு ஊர் முழுவதும் நின்றால் என்ன என்று பிரைடன் என்ற நகரசபை உறுப்பினர் கேட்டார். மேயர் ஹாரி ஹேண்ட்ஸ் சில வாரங்களுக்கு முன்புதான் தன் மகனைப் போரில் பறிகொடுத்திருந்தார். மே 14 அன்று பீரங்கி வெடித்ததும் டிராம்களும் வண்டிகளும் நின்றன. முதல் நாள் மூன்று நிமிடம். அது நீளமாகப் பட்டதால் இரண்டாகக் குறைத்தார்கள். நம் கூட்டங்களிலும் இன்றுவரை நிற்கும் அந்த இரண்டு நிமிடக் கணக்கு இப்படித்தான் பிறந்தது. ராய்ட்டர்ஸ் நிருபர் லண்டனுக்குத் தந்தி அடிக்க, மற்ற ஊர்களும் பார்த்துச் செய்யத் தொடங்கின.

போர் முடிந்தபின் லண்டனில் இருந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் எட்வர்ட் ஹனி, ஐந்து நிமிட மௌனம் வேண்டும் என்று 1919 மே மாதம் ஒரு நாளிதழுக்கு எழுதினார். அரண்மனைக்கு யோசனையை எடுத்துச் சென்றவர் தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளி பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக். அவருடைய மூத்த மகனும் போரில் இறந்தவன். இரண்டு தகப்பன்மாரின் துக்கம் இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. 1919 நவம்பர் 7 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், பதினோராம் தேதி பதினோரு மணிக்குப் பேரரசு எங்கும் இரண்டு நிமிடம் எல்லா வேலையும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கெடா அந்த ஆளுகைக்குள் வந்து அப்போது பத்தே ஆண்டு. 1909-இல்தான் அது சயாமின் பிடியிலிருந்து ஆங்கிலேயரிடம் கைமாறியிருந்தது. கடலுக்கு அப்பால் பினாங்குத் திடலில் 1929-இல் போர் நினைவுத்தூண் எழுந்தது. துரைமார் நவம்பரில் கடைப்பிடித்த மௌனத்துக்கு நம்மவர் தங்கள் பூமாலையையும் குத்துவிளக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். காந்தியடிகளின் நினைவாக ஜனவரி 30 அன்று இந்தியா நிற்பதும் அதே பதினோரு மணிக்கு, அதே இரண்டு நிமிடம். எம்எச்17 விமானத்தில் இறந்தவர்களின் உடல்கள் 2014 ஆகஸ்ட் 22 அன்று வந்திறங்கியபோது மலேசியாவே ஒரு நிமிடம் நின்றது.

ஆனால் கெடாத் தோட்டங்களில் ஒரு பெரிய சாவுக்கு இந்த மௌனம் போதவில்லை. பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடக் கேட்ட ஆட்களை, மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் கெடாவும் மறுபடி சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான மதிப்பீடு. மலாயாத் தோட்டத் தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கினர். அந்தப் பாதை போன காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் பெயரோடு. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. வாசிக்கப் பெயர் இல்லாதபோது மௌனம் யாருக்காக?

இங்கேதான் நம் பழைய வழக்கம் திரும்பி வந்தது. 2023-இல் காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பினார்கள். நடுகல் என்றால் நமக்குப் பெயரும் ஊரும்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கல், ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரையும் கூடலூர் என்ற ஊரையும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்பது ஆண்டுக்கு முன் இறந்த நம் தாத்தாக்களுக்கு அந்தப் பெயரும் ஊரும் கிடைக்கவில்லை.

கெடாவின் தோட்டங்கள் துண்டாகி, பால்மரம் செம்பனையாகி, லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புகள் வந்துவிட்டன. அந்தப் பெயர்களைத் தேட இனிக் குடும்பங்கள்தான் மிச்சம். அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், தகப்பனார் பெயர் மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இந்த வாரமே எழுதி, ஊர்ச் சங்கத்திலோ கோயில் நிர்வாகத்திலோ கொடுத்துவையுங்கள்.