தமிழ்நாட்டில் தடுப்பூசித் தயக்கம்

தடுப்பூசி எளிதில் கிடைக்கும் நிலையிலும் பெற்றோர் அதைக் குழந்தைக்குப் போடத் தயங்குவது, தள்ளிப்போடுவது அல்லது மறுப்பது தடுப்பூசித் தயக்கம் எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பத்து பெரும் சுகாதார அச்சுறுத்தல்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. மெத்தனம், வசதிக்குறைவு, நம்பிக்கையின்மை என்று மூன்று காரணங்களை அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் இருநூறு ஆண்டு அனுபவத்தில் மூன்றும் உண்டு. ஆனால் பெரிய சிக்கல்கள் எழுந்தபோதெல்லாம் முன்னால் நின்றது மூன்றாவதுதான். மருந்து என்ன செய்யும் என்பதோடு, அதைக் கொண்டுவருபவர் யார், ஏன் இவ்வளவு அவசரம் என்பதும் பெற்றோரின் கேள்வியாக இருந்தது.

அம்மை குத்திய காலம்

பெரியம்மைத் தடுப்பூசி 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது முதலில் போடப்பட்டது. தமிழ் வீடுகளில் அம்மை வெறும் நோயாகக் கருதப்படவில்லை. 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, மாரியம்மன் இறங்கும்வரை காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் கத்தி வைப்பதே அபசாரம். போதாக்குறைக்கு, அன்றைய முறையில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். இன்னொரு வீட்டு, அதுவும் இன்னொரு சாதிப் பிள்ளையின் நீர் என்பதால் எதிர்ப்பு இருமடங்கானது.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், ஊசியை ஊருக்குப் பழக்க ஊரின் கதையையே கையிலெடுத்தார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதை எழுதி, தடுப்பூசி மருந்தான அம்மைப்பாலைப் பசு தரும் புதிய கொடையாகக் காட்டினார். பின்னாளில் கன்றுகளிடமிருந்தே அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியது. 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதைத் தயாரித்து வழங்கியது. கைக்குக் கை மாற்றும் முறை ஒழிந்ததும் எதிர்ப்பின் ஒரு வேர் அறுந்தது.

ராஜாஜியும் பி.சி.ஜி.யும்

எதிர்ப்பாளர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் என்ற எண்ணத்துக்கு வலுவான மறுப்பு சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி). காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை அரசு பெருவாரியாகப் போடத் தொடங்கியபோது அவர் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1955-இல் தம் காரணங்களைச் சிறு நூலாகவே வெளியிட்டார். நோயில்லாத பிள்ளைகளின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதற்குப் போதிய சான்று உண்டா என்பது அவருடைய கேள்வியின் சாரம். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் கேட்டதால் அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

விடைதேடும் ஆய்வும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய சோதனையில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அதன் முடிவு வந்தபோது ராஜாஜி உயிருடன் இல்லை. ஆனால் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை இந்த ஊசி தடுப்பதைப் பிற ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் அது இன்றும் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்துச் சொல்லும் தெளிவு அந்த விவாதத்துக்குப் பிறகே கிடைத்தது.

திருவள்ளூர், 2008

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. தட்டம்மை மருந்து பொடியாக வரும். அதற்குரிய நீர்மத்தில் கரைத்து, குளிர்ச்சி குறையாமல் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருப்பதால், கரைப்பதிலோ வைத்திருப்பதிலோ நேரும் ஒரு பிழை ஒரே நாளில் பல வீடுகளைத் தாக்கக்கூடும்.

இந்த மரணங்களுக்குப் பின் தமிழ்நாடு அரசு, கிராம சுகாதார செவிலியர் ஊர் ஊராகச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதை மாற்றியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஊர்க்கோடியில் கிடைத்த ஊசி, பஸ் ஏறிப்போக வேண்டிய ஊசியாயிற்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்ட குழந்தைகள் 2005-06-இல் சுமார் 81 சதவீதம். 2015-16-இல் சுமார் 70 சதவீதம். சரிவு முழுவதற்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், தொலைவும் தயக்கத்தை வளர்க்கும்.

வாட்ஸ்அப் வந்த பிறகு

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவுகளில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், முன்பே போட்டிருந்தாலும், மீண்டும் ஒருமுறை ஊசி. பள்ளிகளே முகாம்கள், ஊசி போட்டதும் பிள்ளையின் இடது கட்டைவிரல் நகத்தில் மை வைக்கப்படும்.

மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து இரண்டு வாரமே ஆகியிருந்தது. அதில் வெளிப்பட்ட, வெளிநாட்டு நிறுவனங்கள்மீதான சந்தேகம் சூடாக இருந்த நேரத்தில், இந்த ஊசி மலட்டுத்தன்மை தரும், ஆட்டிசம் வரவழைக்கும் என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பறந்தன. 'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று பெற்றோர் பலர் பள்ளிகளுக்கு எழுதிக்கொடுத்தனர். ஏற்கெனவே போட்ட ஊசி மறுபடியும் எதற்கு என்ற நியாயமான கேள்விக்கு முகாமுக்கு முன்பே தெளிவான பதில் போய்ச்சேரவில்லை. அந்த இடத்தை வதந்தி நிரப்பியது. பிப்ரவரியோடு முடியவேண்டிய முகாம் மார்ச் நடுப்பகுதிவரை நீண்டது.

ஆட்டிசம் அச்சத்துக்கு மூலம் 1998-இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெளியிட்ட, தட்டம்மையும் ரூபெல்லாவும் அடங்கிய ஊசியை ஆட்டிசத்தோடு இணைத்த, 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று மீண்டும் காட்டியது.

ரூபெல்லாவின் ஆபத்தோ கண்ணெதிரே இருந்தது. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு அது வந்தால் குழந்தை கண்புரையோடும் காதுகேளாமையோடும் இதயக்கோளாறோடும் பிறக்கக்கூடும். அப்படிப்பட்ட குழந்தைகளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வந்தனர்.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டம் கட்டாயப்படுத்துவதை நம்பி நடக்கவில்லை. பெற்றோர் ஒப்புதல் தர மறுத்த பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் எம்.ஆர். ஊசி போடக்கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று கோவிட் வழக்கொன்றில் 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே முடிவு பெற்றோருடையது. அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்வது அரசின் வேலை.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்ட குழந்தைகளின் விகிதம் தமிழ்நாட்டில் சுமார் 89 சதவீதமாக உயர்ந்தது. தட்டம்மை பரவாமலிருக்க ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். எம்.ஆர். ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படுகிறது. தவறவிட்ட தவணையை ஐந்து வயதுவரை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்; குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.