சவூதி அரேபியா: கூட்டணிகளும் சமயச் சீர்திருத்தமும்

இன்றைய சவூதி அரேபியா 1932இல் மன்னர் அப்துல் அஜீஸ் நிறுவிய முடியரசு. 1938இல் தம்மாமில் எண்ணெய் கிடைத்தது. 1945 பிப்ரவரி 14 அன்று, சூயஸ் கால்வாயின் பெரும் கசப்பேரியில் நின்ற குயின்சி போர்க்கப்பலில் மன்னரும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சந்தித்தனர். பழைய போர்க்காயங்களால் நடக்கச் சிரமப்பட்ட மன்னருக்கு ரூஸ்வெல்ட் தம் சக்கர நாற்காலிகளில் ஒன்றைப் பரிசளித்தார். ‘எண்ணெய்க்குப் பாதுகாப்பு’ என்ற ஏற்பாடு அன்றே முடிவானதாகச் சொல்வார்கள். உண்மையில் அப்படியோர் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 1973இல் அமெரிக்காவுக்கே எண்ணெய் நிறுத்தப்பட்டது. 2016இல் ஈரானுடன் முறிந்த உறவு, 2023 மார்ச்சில் அமெரிக்காவால் அல்ல, சீனாவின் முயற்சியால் பெய்ஜிங்கில் சீரானது.

அரச குடும்பத்துக்கும் வஹாபிய உலமாக்களுக்கும் (சமய அறிஞர்களுக்கும்) உள்ள பிணைப்பு 1744 திரிய்யா உடன்படிக்கையிலிருந்து வருவது. 1979இல் ஆயுதக் குழுவொன்று மக்கா பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றிய பின் சமயக் கட்டுப்பாடுகள் இறுகின. அவை பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் காலத்தில் தளர்ந்தன: 2016இல் சமயக் காவலர்கள் கைது அதிகாரத்தை இழந்தனர், 2018இல் திரையரங்குகள் திறந்தன, பெண்கள் கார் ஓட்டினர். ஆனால் அந்த உரிமையைக் கேட்டுப் போராடிய பெண்கள் சிலர், தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே கைதாகியிருந்தனர். சீர்திருத்தம் அரண்மனை வழங்குவதாக மட்டுமே இருக்கலாம் போலும். 2022இல் அறிவிக்கப்பட்ட நாடு நிறுவப்பட்ட நாளும் சமய உடன்படிக்கையின் ஆண்டான 1744ஐ விட்டு, 1727ஐயே நாட்டின் தொடக்கமாகக் கொள்கிறது.