கிணற்றடியும் ஜாம் போத்தல் விளக்கும்

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் அதிபர்களின் பெயர்களையும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவை இம்மலரின் ஏனைய பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை நாம் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். தண்ணீரையும் வெளிச்சத்தையும் கடதாசியையும் எமது கல்லூரி எவ்வாறு செலவிட்டது, எவ்வாறு மிச்சம் பிடித்தது என்பதே அது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, நிலத்தடி உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் கிணறு ஊறும். அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

துலாவாலும் கப்பியாலும் அள்ளிய காலத்தில் இந்த அளவை உடம்பே சொல்லிக் கொடுத்தது. ஒரு வாளியின் பாரம் கைக்குத் தெரிந்தவள் தண்ணீரை வீணே ஊற்றமாட்டாள். விடுதிக் கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போனது. அடுப்பில் பனைமட்டையும் ஊமலும் எரிந்தன. அந்தச் சாம்பலே பாத்திரம் விளக்கியது. வீட்டில் நடந்ததுதான் பாடசாலையிலும் நடந்தது. அதற்கென்று யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை. 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிய பாடநூல்களையும் ஆண்டு முடிவில் கையளித்தோம். அடுத்த ஆண்டு அதைப் பெறும் தங்கை, முதற்பக்கத்தில் தனக்கு முன் படித்த அக்காமாரின் பெயர்களைக் காண்பாள்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், மெழுகுதிரி, பற்றரி, சவர்க்காரம் என்பன தடையாலும் தட்டுப்பாட்டாலும் கிடைத்தற்கரியனவாயின. எம் வயதினர் அப்போதுதான் இடைநிலை வகுப்புகளுக்கு வந்திருந்தோம். வெற்று ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சிறு திரி. போத்தலின் சுவரே காற்றுக்கு மறைப்பு. சிக்கன விளக்கு என்று அதற்குப் பெயர். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேர் இருந்து, ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுப் படித்தோம். சைக்கிள் மிதியைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். பழைய கொப்பிகளில் எழுதாமல் விடுபட்ட தாள்களைக் கழற்றித் தைத்துப் புதுக் கொப்பி ஆக்கினோம். சவர்க்காரம் இல்லாத வீடுகளில் பனம்பழம் உடுப்புத் தோய்த்தது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இந்தப் பழக்கங்களும் எம்மோடு வந்தன. தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் வகுப்புகள் முடிந்த பின், அதே கட்டடத்தில் எங்கள் வகுப்புகள் நடந்தன. ஒரே கரும்பலகை, ஒரே கிணறு, இரண்டு பாடசாலைகள்.

எனினும் அந்த ஆண்டுகளைப் பெருமையோடு மட்டும் நினைவுகூர்வது முறையாகாது. சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாத நாட்களில் மாணவியர் பலர் காலை முதல் வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். மாதவிடாய் நாட்களில் பாடசாலைக்கு வராமல் நின்றவர்களும் உண்டு. இப்படி மிஞ்சிய தண்ணீரைச் சேமிப்பு என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. அது பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீர். பழைய மாணவிகளில் மருத்துவர்களாக இருக்கும் நாம், சிறுநீர்த் தொற்றோடு வரும் மாணவியரிடம் பாடசாலையில் எத்தனை தரம் மலசலகூடத்துக்குப் போவாய் என்று இன்றும் கேட்கிறோம். "போறேல்லை டொக்டர்" என்ற பதில் இன்றும் வருகிறது.

பின்னர் நீர்ப்பம்பியும் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் பரவலாயின. வாளியின் பாரம் கைக்குத் தெரியாமல் போயிற்று. சேலைன் ஏற்றும் சாதாரண குழாயில் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். அந்தக் கணக்கில், செக்கனுக்கு ஒரு துளி சொட்டும் தண்ணீர்க் குழாய் நாளொன்றுக்கு 4 லீற்றருக்கு மேல் வீணாக்குகிறது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாம் முன்பே அறிந்திருந்த தட்டுப்பாட்டை அப்போது முழு நாடும் அறிந்தது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அம்முறையில் 1,000 லீற்றர் நீரைப் பெற ஏறத்தாழ 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். இனித் தண்ணீரை வீணாக்குபவர் மின்சாரத்தையும் சேர்த்தே வீணாக்குகிறார்.

சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்கு இந்த வரலாறு ஒரு வழி காட்டுகிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். ஆகவே 200 சதுர மீற்றர் கூரையுள்ள ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் மேல் ஆண்டுக்கு 250,000 லீற்றர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சிதறிப் போனாலும் 200,000 லீற்றர் மிஞ்சும். பீலி கட்டித் தொட்டியில் சேர்த்தால் மலசலகூடங்களுக்கும் தோட்டத்துக்கும் உதவும். தொட்டி நிரம்பி வழிவதை நிலத்துக்குள் இறக்கினால் கிணற்று நன்னீர் பெருகும். தொட்டிக்கு மூடியும் வலையும் கட்டாயம். இல்லையேல் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம். பழைய கட்டடங்களின் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் பெரிய யன்னல்களும் வெளிச்சமும் காற்றும் தருபவை. திருத்த வேலையின்போது அவற்றை அடைத்துவிட்டுப் பகலிலும் மின்குமிழ் எரிக்கும் நிலையை உண்டாக்க வேண்டாம்.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எமது சகோதரிகள் கல்லூரிக்கு அள்ளிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் புதிய கட்டடத்துக்கு முன்னர் பீலிக்கும் தொட்டிக்கும், ஒழுகும் குழாய்களை மாற்றுவதற்கும், மலசலகூடங்களில் எந்நாளும் தண்ணீர் இருப்பதற்கான பராமரிப்புக்கும் ஒதுக்குமாறு வேண்டுகிறோம். இவற்றில் எவர் பெயரையும் கல்லில் பொறிக்க இடமிராது. ஆனால் எமது கல்லூரியில் படிக்கும் பிள்ளை தாகம் எடுத்தால் பயமின்றித் தண்ணீர் குடிப்பாள். கிணறும் உவராகாமல் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.

வாழ்க எம் கல்லூரி!