முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் வீட்டுப் பயிற்சி

ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்கு ஜவ்வு அறுந்து, உடலின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து ஒட்டுப் போட்டுக்கொண்டவர் வீட்டில் செய்யும் பயிற்சியும் அதற்கான கருவிகளும். செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்குத் தண்டலம் சவீதாவும் போரூர் ஸ்ரீராமச்சந்திராவும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைகள். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

மடக்குவதில்தான் எல்லோருக்கும் அவசரம். ஆனால் முதலில் மீட்க வேண்டியது நீட்டத்தை. குதிகாலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் கீழ்நோக்கி அழுந்தும்படி தொடையை இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். முழு நீட்டம் வராவிட்டால் நடை நொண்டும். மடக்கத்துக்குக் குதிகால் சறுக்குப் பலகை: சன்மைக்கா ஒட்டிய பலகையைத் தச்சரே செய்து தருவார். காலில் சாக்ஸ், பாதத்தைச் சுற்றி இழுக்கப் பழைய துப்பட்டா, அவ்வளவுதான்.

முழங்காலைத் தாங்க அளவெடுத்துச் செய்த பிரேஸ் என்ற கவசத்தில் உள்ள கீல், மூட்டின் அச்சுக்கு நேராக நிற்க வேண்டும். கீல் கீழே இறங்கினால் பட்டை நழுவித் தோலை உரசும். டொராண்டோ மருத்துவர் ராபர்ட் சால்டர் 1970களில் முன்வைத்த, காலைத் தானே மடக்கி நீட்டும் தொடர் இயக்கக் கருவியைச் சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஏ.சி.எல். அறுவைக்குப் பின் அதனால் நீடித்த பயன் நிறுவப்படவில்லை. அந்தப் பணத்தை இயன்முறைச் சிகிச்சையாளருக்குச் செலவிடலாம்.

வலி குறைந்துவிட்ட 6 முதல் 12ஆம் வாரத்தில்தான் ஒட்டு மிகப் பலவீனமாக இருக்கும். கபடி, கால்பந்து போன்றவற்றுக்குக் குறைந்தது 9 மாதம் காத்திருக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.