தபாலில் வந்த யானைப் படை

சென்னைப் பட்டணத்திலிருந்து 1828-ஆம் ஆண்டில் ஐதராபாத்தை நோக்கி ஒரு படை கிளம்பியது என்று சொன்னால், சரித்திரம் படித்த நண்பர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். அப்போது கும்பெனிக்கும் நிஜாமுக்கும் ஏதய்யா போர் என்பார்கள். போர் நடக்கவில்லைதான். இருந்தாலும் ராஜா, ராணி, மந்திரி, யானை, குதிரை, சிப்பாய் என்று ஒரு முழுப் படையே போனது. போனது தபாலில்!

1828-29-இல் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலமாக இரண்டு சதுரங்க ஆட்டங்கள் நடந்தன. நம் ஆள் ஒரு காயை நகர்த்தி, அதைத் தாளில் எழுதி அனுப்புவார். அங்கே அதைப் பலகையில் வைத்துப் பார்த்து, யோசித்து, பதில் நகர்வை எழுதி அனுப்புவார்கள். சென்னை அணியின் ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் பெயர் குலாம் காசிம். எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? ஆனந்த் ஊர், குகேஷ் ஊர் என்று மார்தட்டிக்கொள்ளும் நாம், இந்த மனிதரை எப்படி விட்டோம் என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

இ-மெயிலில் முறை வைத்து விளையாடும் பேரரசு விளையாட்டைப் பற்றி நம் மலருக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதன் மூதாதையைத் தேடிக்கொண்டே போனால் அது நம் ஊரிலேயே, இருநூறு வருஷம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அஞ்சல் ஓட்டம்

1828-இல் ரயில் கிடையாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856-இல். தபால் தலையும் கிடையாது. இந்தியா முழுமைக்குமான தபால் தலை வந்தது 1854-இல். சென்னையில் தலைமைத் தபால் நிலையம் மட்டும் 1786-லேயே திறந்தாகிவிட்டது. கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். ஒருவர் தன் எல்லை வரை ஓடி அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். அவர் அடுத்த எல்லை வரை ஓடுவார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கையில் கட்டையோடு ஓடுகிறோமே, அதற்கு நாம் இன்றும் அஞ்சல் ஓட்டம் என்றுதானே சொல்கிறோம்?

சென்னையிலிருந்து ஐதராபாத் ஏறக்குறைய 630 கிலோமீட்டர். நடுவில் பெண்ணாறு, கிருஷ்ணா என்று இரண்டு பெரிய ஆறுகள். மழைக் காலத்தில் ஆறு பெருகினால் ஓடம் போகிறபோதுதான் கடிதமும் போகும். ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் வைக்க இத்தனை பேர் கால் நோக ஓடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

அதே காலத்தில் லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் 1824 முதல் 1828 வரை கடிதத்தில் மோதி, எடின்பரோ ஜெயித்தது. அந்தத் தூரமும் ஏறக்குறைய நம் சென்னை - ஐதராபாத் தூரம்தான். அவர்களுடைய ஆட்டத்தின் நினைவாகத்தான் 'ஸ்காட்ச் கேம்' என்று ஒரு தொடக்க முறைக்கே பெயர் வந்தது. சீமையில் அது முடிந்த கையோடு இங்கே நம் ஊரில் கடித ஆட்டம்!

நம்மவர் சும்மா விளையாடிவிட்டுப் போகவில்லை. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காக்ரேன் என்பவரோடு சேர்ந்து, அந்த இரண்டு ஆட்டங்களையும், 'மூஸியோ காம்பிட்' என்ற தொடக்க முறை பற்றிய ஆராய்ச்சியையும் 1829-இல் சென்னையிலேயே புத்தகமாக அச்சிட்டார். மூஸியோ என்பது துணிச்சல்காரர்களுக்கானது. ஐந்தாவது நகர்விலேயே வெள்ளைக்காரர் (காயைச் சொல்கிறேன்!) தன் குதிரையைப் பலி கொடுத்துவிட்டு, ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டு தாக்கக் கிளம்புவார். அதே இடத்தில் கோட்டை கட்டாமல், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அதற்குத் தனிப்பெயர் உண்டு: குலாம் காசிம் காம்பிட். உலகத்துச் செஸ் அகராதிகளில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். கோட்டை கட்டுவது நம் ஊர்ப் பழைய சதுரங்கத்தில் கிடையாது. சிப்பாயும் பொதுவாக ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய விதிகள் இங்கே அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. 1814-இல் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவர், ஐரோப்பிய முறைக்கு ஏற்ற சதுரங்கக் கட்டுரைகள் என்று பம்பாயில் ஆங்கிலப் புத்தகமே போட்டிருக்கிறார். பெயரைப் பார்த்தால் தென்னாட்டவராகத்தான் தெரிகிறது. வேறு ஊர் விதியைக் கற்றுக்கொண்டு, பதினைந்து வருஷத்துக்குள் அதே விதியில் உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் நம்முடையது.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு பேரரசு

சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை. ஆக, முறை வைத்து ஆடும் உலகத்தின் பழைய பேரரசுப் போர் விளையாட்டு என்றால் அது சதுரங்கம்தான். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்திலேயே சதுரங்கப் பலகை பற்றிய குறிப்பு இருக்கிறது.

அந்த ஹர்ஷர் காலத்தில் நம் பக்கத்தில் யார் இருந்தார்? குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அவருடைய விருதுப் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்காவாக வழிபாட்டில் உள்ளது. வடக்கே ஹர்ஷர், நடுவில் வாதாபிப் புலிகேசி, தெற்கே மகேந்திரர். புலிகேசி ஹர்ஷரை நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தினார். பிறகு பல்லவ நாட்டின் மேலும் பாய்ந்தார். மகேந்திரரின் மகன் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியையே பிடித்தார். மூன்று பேர் ஆட்டம் என்றால் இதுவல்லவா ஆட்டம்! (கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.)

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கற்காலம் முதல் விமானம் வரை நம் ஹாஸ்டலைச் சுற்றி நாலு மைலுக்குள் இருக்கிறது. மனித நாகரிகத்தையே விளையாட்டாக ஆட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

காலணா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

இந்தியாவில் தபால் கார்டு 1879-இல் வந்தது. விலை காலணா. கடித சதுரங்கத்துக்கு அதுவே வசதியாயிற்று. 1951 முதல் இதற்கென்று ஐ.சி.சி.எஃப். என்ற சர்வதேசச் சம்மேளனம் இருக்கிறது. அவர்கள் பின்பற்றும் குறிமுறை நம்மைப் போன்ற இன்ஜினீயர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ரஷ்யாக்காரருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு ரஷ்யன் தெரியாது. ஆகவே 64 கட்டங்களுக்கும் எண் கொடுத்துவிட்டார்கள். 5254 என்று எழுதினால், 52-ஆம் கட்டத்துக் காய் 54-க்குப் போகிறது என்று அர்த்தம். நான்கே இலக்கத்தில் ஒரு நகர்வு. மொழி வேண்டாம், அகராதி வேண்டாம். இந்த இலக்கங்களைப் பார்த்து ரகசியச் சங்கேதமோ என்று பயந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் வெளிநாட்டுக் கடித ஆட்டத்துக்கே தடை போட்டார்கள்.

சதுரங்கம் இரண்டு பேர் ஆட்டம். பல பேர் சேர்ந்து ராஜ்யம் ஆளும் ஆட்டமும் தபாலில் வந்தது. 'டிப்ளமஸி' என்ற பலகை விளையாட்டு 1959-இல் வெளியானது. ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்டக்காரர்கள். 1963-இல் அமெரிக்காவில் அதைத் தபாலில் ஆட ஆரம்பித்தார்கள். 1991-இல் சிட் மெயரின் 'சிவிலைசேஷன்' கம்ப்யூட்டரில் வந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. தபால்காரர் வேலையை டெலிபோன் லைன் எடுத்துக்கொண்டது.

நாங்கள் ஆடியது 2005-இல் வந்த 'சிவிலைசேஷன்' நான்காம் பதிப்பு. அதில் இ-மெயிலில் ஆடுவதற்கென்றே தனி ஏற்பாடு உண்டு. ஆட்டம் கி.மு. 4000-இல் தொடங்கும். என் முறையை ஆடி முடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதை அடுத்தவனுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அவரவர் ராஜ்யத்துக்கு அவரவர் பாஸ்வேர்டு. நான்கு பேரும் ஆடினால் ஒரு சுற்று. அப்படி நானூறு சுற்றுக்கு மேல் போகும். நாலு நாளைக்கு ஒரு சுற்று என்று கணக்குப் போட்டால் 1600 நாள், அதாவது நாலு வருஷத்துக்கு மேல். நாங்கள் படித்த படிப்பே நாலு வருஷம்தான்!

நான்கு பேர் ஆட்டம்

படிப்பு முடிந்த மறு வருஷம், 2010-இல் ஆரம்பித்தோம். பம்மல்காரன் ஏரோநாட்டிக்கல், அமெரிக்கா போய்விட்டான். ஆம்பூர்க்காரன் ரப்பர் டெக்னாலஜி, புனேயில். சேலையூர்க்காரன் ஆட்டோமொபைல், ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. நான் தாம்பரம். இந்தியா என்று எடுத்தால் அந்தப் பதிப்பில் கிடைப்பது அசோகரும் காந்தியும்தான். பல்லவரும் இல்லை, சோழரும் இல்லை. (2025-இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் சோழருக்கு இடம் கிடைத்தது.) ஆனால் நகரத்துக்குப் பெயர் மாற்றலாமே! என் தலைநகரம் காஞ்சி, இரண்டாவது நகரம் பல்லாவரம். ஆம்பூர்க்காரன் ரோமாபுரியைப் பிடித்துக்கொண்டு அதற்கு வாணியம்பாடி என்று பெயர் வைத்தான்.

ஒவ்வொரு கோப்போடும் இரண்டு வரி வரும். "டேய், உன் யானைப் படையை என் எல்லையிலேர்ந்து எடுடா. அப்புறம் என் தங்கச்சிக்கு நிச்சயம் ஆயிடுச்சு." யாருக்கு வேலை மாறியது, யாருக்குக் குழந்தை பிறந்தது எல்லாமே எனக்கு இந்த இரண்டு வரியில்தான் தெரிந்தது. போன் செய்து "என்னடா விசேஷம்" என்று கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்று வைத்துவிடுவார்கள். கோப்போடு வருவது வேறு. யாரும் கேட்காமல் வருவது.

2012-இல் கோப்பு சேலையூரில் நின்றது. ஒரு வாரம், ஒரு மாசம். போன் எடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில் இருக்கேன், அப்பாவுக்கு முடியலை, அப்புறம் பேசறேன்" என்று ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. விளையாட்டில் ஒரு வசதி உண்டு: ஒருவர் வரவில்லையென்றால் அவர் ராஜ்யத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் தொடரலாம். மூன்று பேரும் பேசினோம். பம்மல்காரன் சொன்னான்: "அவன் நாற்காலியில மெஷினை உட்கார வைக்க வேண்டாம்டா. நிற்கட்டும்." நின்றது. நாலு மாசம் நின்றது. எங்கள் உலகம் கி.பி. 1100-இல் அப்படியே உறைந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் மெயில் வந்தது. கோப்பு இருந்தது. கூடவே ஒரு வரி: "என் டர்ன் முடிஞ்சுது. அப்பா நேத்து போயிட்டார்."

துக்கத்துக்கு நடுவில் இவன் ஏன் விளையாட்டை ஆடி அனுப்பினான் என்று சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த வரியை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலமே நான் சேலையூர் போனேன். ஆம்பூர்க்காரன் புனேயிலிருந்து ராத்திரி விமானம் பிடித்து வந்தான். காரியம் முடியும்வரை கூட இருந்தோம். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறாம் நாள் கழித்து அவனேதான் கேட்டான்: "என்னடா, யாருகிட்ட நிக்குது?"

ஆட்டம் 2015-இல் முடிந்தது. ஜெயித்தது பம்மல்காரன், விண்கலம் விட்டு. ஏரோநாட்டிக்கல் ஆசாமியாயிற்றே!

எழுதி வைப்போம்

குலாம் காசிமை இன்று நாம் அறிவது எதனால்? அவர் நன்றாக ஆடினார் என்பதால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவர்கள் சென்னையில் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர் ஆட்டத்தை அச்சில் ஏற்றினார். அதனால் அவரும் நின்றார், ஆட்டமும் நின்றது. அதற்குப் பிறகுதான் 1961-இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதும், 1972-இல் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியதும், 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும். அந்த வரிசையின் தலைப்பில் 1829-இல் அச்சான ஒரு சிறு புத்தகத்தையும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எல்லாமே உடனுக்குடன் நடக்கிற ஆட்டம். அதில் தப்பில்லை, ஆடுங்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து, நாலு வருஷம் ஓடுகிற மாதிரி மெதுவான ஆட்டம் ஒன்றையும் கடைசி செமஸ்டருக்குள் தொடங்கிவிடுங்கள். சதுரங்கமானாலும் சரி, சாம்ராஜ்யமானாலும் சரி. பட்டம் வாங்கிய பிறகு நண்பர்களைச் சேர்த்து வைக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

மூத்த அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். 1949-இல் தொடங்கிய நம் எம்.ஐ.டி.யில் படித்தவர்களில் தபால் கார்டில் செஸ் ஆடியவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அந்தக் கார்டுகள் பரணில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரும்போது கொண்டு வாருங்கள். தேதி, எதிராளியின் ஊர், நகர்வு இந்த மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்துத் தொகுத்துத் தரும் வேலையை நானும் சேலையூர்க்காரனும் ஏற்றுக்கொள்கிறோம்.