வேகஸ் என்னும் பதம்

வேகஸ் என்ற சொல்லை முதன்முறை கேட்கும் தமிழ்ச் செவி அதை வேகத்தோடு உறவுபடுத்திக் கொள்வது இயல்பே. ஆனால் கபாலத்திலிருந்து இறங்கி இருதயத்தை எட்டும் அந்த நரம்பின் தொழிலோ வேகத்தைத் தணிப்பது. லத்தீன் பாஷையில் வேகஸ் என்பதற்கு அலைந்து திரிவது என்று அர்த்தம். ஊர்சுற்றியைக் குறிக்கும் ‘வேகபாண்ட்’, தெளிவின்மையைக் குறிக்கும் ‘வேக்’ என்ற ஆங்கிலச் சொற்களும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவையே.

பெயரிட்ட பண்டிதர்கள் கத்தியின் முனையில் கண்டதைச் சொன்னார்கள். மூளையிலிருந்து நேரே புறப்படும் மற்ற நரம்புகளெல்லாம் கண், செவி, முகம், நாக்கு என்று தலையையும் கழுத்தையும் சுற்றியே நின்றுவிட, இது ஒன்று மட்டும் குரல்வளைக்கும் நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் கிளை கொடுத்துக்கொண்டே இறங்கி, இரைப்பையையும் கடந்து குடல்வரை போகிறது. 1778-ல் ஜெர்மானிய அறிஞர் சோமரிங் கபால நரம்புகளைப் பன்னிரண்டு ஜோடிகளாக வகுத்தபோது இதற்குப் பத்தாவது இடம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு நுரையீரலையும் இரைப்பையையும் சேர்த்துச் சொல்லும் ‘நியூமோகாஸ்ட்ரிக்’ என்ற பெயரும் வழங்கிற்று. இருதயம் அதில் இடம்பெறவேயில்லை. இரண்டு பெயர்களும் நரம்பு போன வழியைச் சொல்லினவேயன்றி, போய்ச் செய்த காரியத்தைச் சொல்லவில்லை.

அந்தக் காரியம் 1845-ல் வெளிப்பட்டது. வேபர் சகோதரர்கள் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது, துடித்துக்கொண்டிருந்த இருதயம் தயங்கி நின்றது. நரம்பென்றால் தூண்டுவது என்றே எண்ணியிருந்த காலத்தில், அடக்குவதும் நரம்பின் தொழில்தான் என்று தெரியவந்தது பெரிய ஆச்சரியம்.

எதைக் கொண்டு அடக்குகிறது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி இரண்டு தவளைகளின் இருதயங்களை உப்புநீரில் துடிக்கவிட்டு, முதல் இருதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அது தளர்ந்தபின் அதிலிருந்த நீரை எடுத்து, நரம்பேதும் தூண்டப்படாத இரண்டாவது இருதயத்தில் விட்டார், அதுவும் தளர்ந்தது. 1921-ல் இதை வெளியிட்ட லோவி, நீரில் கலந்து வந்த அந்த அறியாத பொருளுக்கு ‘வாகுஸ்ஷ்டோஃப்’, அதாவது வேகஸ் பொருள், என்று நாமகரணம் செய்தார். ஆக, நரம்பின் பெயர் ரசாயனத்துக்கும் ஏறியது. அது அஸிட்டைல்கோலினே என்று பின்னர் ருசுவாயிற்று. 1936-ல் லோவியும், இதே துறையில் ஆராய்ந்த ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி வருவது இன்னொரு சொல்லின் சரித்திரம். 1834-ல் மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ஹியூவெல் என்ற பண்டிதரின் யோசனைப்படி, கரைசலில் மின்சாரத்தைச் சுமந்து நகரும் துகளுக்கு ‘அயன்’ என்ற கிரேக்கப் பதத்தை எடுத்தாண்டார். அதன் பொருள் செல்வது. நம் பாடநூல்களில் அதுவே அயனி ஆயிற்று. அலையும் நரம்பின் ரகசியம், இந்தச் செல்லும் துகள்களிடம் இருந்தது.

இருதயத்தின் வலப்புற மேலறையில், துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறு முடிச்சு உண்டு. 1907-ல் கீத், ஃபிளாக் என்ற இருவர் அதை விவரித்தனர். அதன் செல்கள் ஓய்ந்திருப்பதே இல்லை. ஒரு துடிப்பு முடிந்ததும் உள்ளே மின்னழுத்தம் மெல்ல ஏறி, ஒரு வரம்பைத் தொட்டதும் அடுத்த துடிப்பு பிறக்கிறது. வேகஸ் நரம்பு அஸிட்டைல்கோலினைச் சொரிந்தால், செல்லின் சவ்விலுள்ள பொட்டாசியம் கால்வாய்கள் திறந்து, பொட்டாசிய அயனிகள் வெளியேறுகின்றன. உள்ளே எதிர்மின் தன்மை மிகுந்து, ஏற்றம் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கித் தாமதமாகிறது. 1955-ல் தெல் காஸ்டில்லோவும் காட்ஸும் தவளையின் இருதயத்தில் இந்த மின்னழுத்த இறக்கத்தை அளந்து காட்டினர். ஆக்ஸ்ஃபோர்டில் 1979-ல் பிரவுன், டி ஃபிரான்செஸ்கோ, நோபிள் மூவரும் விவரித்த மற்றொரு மின்னோட்டமும் இந்த ஏற்றத்துக்குத் துணை செய்கிறது. செல்லுக்குள் எதிர்மின் தன்மை கூடும்போது திறக்கும் அதன் விசித்திர சுபாவத்தால் ‘ஃபன்னி’, அதாவது வேடிக்கையானது, என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அட்ரினலின் அதைப் பெருக்குகிறது, வேகஸ் குறைக்கிறது.

நரம்புகளின் தொடர்பு முற்றும் அற்றால் மனித இருதயம் தன்போக்கில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும்; ஓய்வாக இருப்பவர் நாடி 70-ஐ ஒட்டி இருப்பது வேகஸின் தயவு. ஊமத்தை விதையைத் தின்றவனுக்கு நாடி படபடவென்று ஓடுவதும், அதிலுள்ள அட்ரோபின் இன விஷம் அஸிட்டைல்கோலின் அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இந்த அடக்கம் தளர்ந்துபோவதனாலேயே. இடைவிடாத இந்த அடக்கத்தை வைத்தியர்கள் ‘வேகல் டோன்’ என்கிறார்கள். வழியைச் சொல்லப் பிறந்த பதம் இவ்வாறு தொழிலையும் சொல்லத் தொடங்கிற்று.